நாங்கள் 'விலக்கும் பன்மை' அல்ல

மொழியியல் பாடக் குறிப்புகளில் 'நாங்கள்' என்பதற்கு, அது கேட்பவரைச் சேர்க்காததால், 'விலக்கும் பன்மை' என்று பெயர் வைக்கிறார்கள். கேட்பவரையும் சேர்க்கும் 'நாம்' என்றால் 'உள்ளடக்கும் பன்மை'யாம். திரும்பத் திரும்பப் பார்த்து அலுத்துவிட்டது.

இவை ஆங்கிலத்தின் இன்க்ளூசிவ் (உள்ளடக்கும்), எக்ஸ்க்ளூசிவ் (விலக்கும்) என்பவற்றின் நேர்பெயர்ப்பு. லத்தீன் மூலத்தில் முன்னதற்கு உள்ளே அடைப்பது என்றும் பின்னதற்கு அடைத்து வெளியே நிறுத்துவது என்றும் பொருள். ஸ்பானிய மொழியில் 'நாம்', 'நாங்கள்' இரண்டுக்கும் ஒரே சொல்தான். அதனால் 1560இல் தென் அமெரிக்காவின் கெச்சுவா மொழிக்கு இலக்கணம் எழுதிய ஸ்பானியத் துறவி டொமிங்கோ டெ சாந்தோ தோமாஸ் இந்த வேறுபாட்டைத் தனியாக விளக்க வேண்டியிருந்தது. நாம், நாங்கள் என்பவை முறையே மலாயில் கித்தா, காமி; தெலுங்கில் மனமு, மேமு. இன்றைய கன்னடம் இரண்டையும் 'நாவு' என்று ஒன்றாக்கிவிட்டது. நம்மிடம் பழைய 'யாம்', கள் சேர்ந்து 'யாங்கள்' ஆகி, அப்புறம் 'நாங்கள்' என்று நின்றது.

சரி, தமிழில் இதற்குப் பெயர் இல்லையா? நன்னூல் தன்மைப் பன்மை விகுதிகளைப் பிரிக்கும் இடத்தைப் பாருங்கள். அம், ஆம் என்பவை முன்னிலையாரைத் தன்னோடு சேர்க்கும். எம், ஏம், ஓம் என்பவை படர்க்கையாரைச் சேர்க்கும் என்கிறார் பவணந்தி. இப்படித் தன்னோடு சேர்த்துக்கொள்வதை உரைகாரர்கள் உளப்பாடு என்பார்கள். இரண்டுமே சேர்ப்பதுதான், விலக்குவது எதுவும் இல்லை. "நாங்கள் மதுரைக்குப் போகிறோம்" என்று அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னால், அப்பாவையும் தம்பியையும் தன்னோடு சேர்த்துச் சொல்கிறாள். அக்காவைத் துரத்தவில்லை. 'விலக்கும் பன்மை' என்ற பெயர் அந்த அப்பாவையும் தம்பியையும் கண்ணில் காட்டுவதே இல்லை. முன்னிலை உளப்பாடு, படர்க்கை உளப்பாடு என்றால் யார் யாரோடு நிற்கிறார்கள் என்பது பெயரிலேயே தெரிகிறது. 'உளப்பாடு' மாணவர்களுக்குக் கடினம் என்கிறார்கள். 'உட்பட' என்று இன்றும் எழுதுகிறோமே, அதற்கு உறவான சொல்தான்.

பெயர் குழம்பியதோடு வழக்கும் குழம்புகிறது. "உங்கள் விண்ணப்பத்தை நாம் பரிசீலித்து வருகிறோம்" என்று குறுஞ்செய்தி வருகிறது. விண்ணப்பித்தவரையும் பரிசீலிக்கும் இடத்தில் உட்கார வைத்துவிட்டார் மொழிபெயர்ப்பாளர். முன்பு வினைமுற்றே காப்பாற்றியிருக்கும். இன்று ஓம் விகுதி இரண்டுக்கும் பொது. நாம் வந்தோம், நாங்கள் வந்தோம். வேறுபாடு முழுவதையும் தாங்குவது முன்னால் நிற்கும் அந்த ஒரு சொல்தான். ஆங்கிலத்தில் 'வீ' என்று கண்டதும் கை போன போக்கில் 'நாம்' போடுகிறவர்கள், யார் யாரிடம் பேசுகிறார் என்று ஒரு முறை கேட்டுக்கொண்டு எழுதட்டும்.