கொமெற் விமானத்தை வீழ்த்தியது சதுர யன்னல்தானா?

விமான விபத்து ஆவணப்படம் ஒன்று இரவு ரிவியில் ஓடினால், மறுநாள் யாழ்ப்பாணத் தேத்தண்ணிக் கடையில் அதுதான் கதை. இப்படிக் காதில் விழுகிறவற்றில் எனக்கு எரிச்சலூட்டுவது, பிரித்தானியாவின் பழைய ஜெற் பயணிகள் விமானமான கொமெற்றின் கதை. யன்னலைச் சதுரமாக வைத்தார்களாம், மூலை வெடித்ததாம், விமானம் விழுந்ததாம். பாதிதான் சரி.

1954 ஜனவரி 10இல் இத்தாலியின் எல்பா தீவுக்கு அருகிலும் ஏப்ரல் 8இல் நேப்பிள்ஸ் பக்கமும் இரண்டு கொமெற்கள் வானிலேயே உடைந்து கடலில் விழுந்தன. மேலே போகும்போது உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டிவைப்பதால் விமானத்தின் உடல் கொஞ்சம் உப்பும், இறங்கினால் சுருங்கும். வேலி அடைக்கும்போது குறடு இல்லையென்றால் கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்தே முறிப்போமே, உலோகக் களைப்பு என்பது அதுதான். தகட்டில் வெட்டிய மூலைகளிலும் ரிவெற் துளைகளிலும் இழுவிசை குவியும், வெடிப்பு, அதாவது கீறல், அங்கே தொடங்கும்.

ஆனால் கொமெற்றின் யன்னல் மூலைகள் கூராக இருக்கவில்லை, வளைந்துதான் இருந்தன. எல்பாவில் கடலிலிருந்து எடுத்த துண்டில் வெடிப்பு தொடங்கிய இடமும் பயணிகளின் யன்னல் இல்லை, கூரையில் அன்ரெனாவுக்காக வெட்டிய திறப்பு. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து அழுத்தி இறக்கிச் சோதித்த இன்னொரு கொமெற்றில்தான், பறந்ததையும் சேர்த்து 3,057ஆவது சுற்றில், ஒரு யன்னல் மூலை கிழிந்தது. தண்ணீர் ஏனென்றால், அது காற்றைப்போல அமுங்காது, உடைந்தாலும் வெடித்துச் சிதறாது, வெடிப்பு எங்கே தொடங்கியது என்று பார்க்கலாம்.

படங்கள் பெரும்பாலும் தாண்டிப்போவது இதற்கு முந்திய கதையை, எனக்குப் பிடித்ததும் அதுதான். தயாரித்தவர்கள் சோதிக்காமல் விடவில்லை. சோதனைக்கு அவர்கள் எடுத்த விமான உடலின் துண்டு 16,000 சுற்றுகள் தாங்கியது, எல்பாவில் விழுந்த விமானமோ 1,290 பறப்புகளில் உடைந்தது. காரணம், பலம் பார்க்க அதே துண்டை முதலில் வழக்கமான அழுத்தத்தின் இரு மடங்குக்கு ஏற்றியிருந்தார்கள். அதில் மூலைகளின் உலோகம் கொஞ்சம் நீண்டுவிட்டது, அழுத்தத்தை இறக்கியதும் சுற்றியுள்ள தகடு அதை நெருக்கிப் பிடித்துக்கொண்டது, பிறகு அங்கே வெடிப்பு சுலபமாகத் தொடங்கவில்லை. கடுமையான சோதனையே அந்தத் துண்டுக்கு ஆயுளைக் கூட்டிக்கொடுத்துவிட்டது! இதை நடிகர்களை வைத்து எப்படிக் காட்டுவது? யன்னல் என்றால் ஒரு கிராபிக்ஸ் போதும்.

அப்புறம் இந்தப் படங்களில் வரும் விமானி அறை உரையாடல். கொமெற்களில் குரல் பதியும் கருவி இல்லை. எல்பா விமானி இன்னொரு விமானத்தோடு வானொலியில் பேசிய வசனம் பாதியில் அறுந்தது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் எழுத்தாளரின் கற்பனை. அந்தக் கருவியின் யோசனையே கொமெற் விசாரணையில் பங்கெடுத்த ஆஸ்திரேலியர் டேவிட் வாரனுக்கு அப்போதுதான் வந்தது. பிந்திய விபத்துகளிலும் கவனம் வேண்டும். அமெரிக்க விசாரணை அமைப்பு ஒலிப்பதிவை வெளியிடச் சட்டம் விடாது, எழுத்துப்பிரதி மட்டும்தான் வரும். ஆகவே சொற்கள் உண்மையாக இருக்கலாம், ஆனால் அந்தப் பதற்றக் குரல் நடிகருடையது.