யாரும் பாடாத சுரம்

பெரம்பூரில் பெரியம்மா வீட்டுக்குப் போனால், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் டிவியில் ஏதாவது ஒரு பாட்டுப் போட்டி ஓடிக்கொண்டிருக்கும். முப்பது வருஷம் பாட்டு டீச்சராக இருந்தவர். சுருதி விலகினால் நடுவர் சொல்வதற்கு முன்னால் பெரியம்மாவின் புருவம் சொல்லிவிடும். போன மாதம் ஒருநாள், ஒரு மாறுதலுக்காக, 'தி சிங்-ஆஃப்' என்ற அமெரிக்கப் போட்டியின் பழைய பகுதிகளைத் தேடிப் போட்டேன். என்.பி.சி. தொலைக்காட்சி 2009 டிசம்பரில் தொடங்கிய நிகழ்ச்சி அது. குழுவாகத்தான் பாட வேண்டும், மேடையில் ஒரு வாத்தியமும் கூடாது. 2011-இல் வென்ற பென்டடோனிக்ஸ் குழுவில் ஐந்தே பேர். ஐந்து சுரம் கொண்ட இசை வரிசையிலிருந்து எடுத்த பெயர், நம் மோகன ராகம் மாதிரி.

இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டுப் பெரியம்மா கேட்டார்: "டிரம்ஸை எங்கடா வச்சிருக்காங்க, திரைக்குப் பின்னாடியா?"

"டிரம்ஸே இல்ல பெரியம்மா. ஓரத்துல நிக்கிறார் பாருங்க, அவர் வாயிலதான் அடிக்கிறார்."

"சரி, கீழ் ஸ்தாயில தும் தும்முனு ஒண்ணு போகுதே?"

"அதுவும் ஒருத்தர் குரல்தான்."

அவர் நம்பவில்லை. எழுந்துபோய் டிவியின் அடியில் காதை வைத்துக் கேட்டார். அங்கே காதை வைத்துச் சந்தேகப்பட்டது சரியான காரியம் என்று அப்போது எனக்கே தெரியாது. அந்தத் 'தும் தும்'மில் முக்கியமான ஒரு பங்கு, அந்த டிவிக்குள்ளிருந்து வரவே இல்லை.

வாத்தியம் இல்லாமல் பாடுவதை அகப்பெல்லா என்கிறார்கள். 'தேவாலய முறையில்' என்று பொருள்படும் இத்தாலியச் சொல். நமக்கு அந்நியமான சங்கதி இல்லை. 1993-இல் 'திருடா திருடா' படத்துக்காக ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் ஷாகுல் ஹமீது பாடிய 'ராசாத்தி' பாட்டை நினைத்துப் பாருங்கள். பின்னணி முழுக்கக் குரல்கள்தான். பாட்டு பாதியைத் தாண்டிய பிறகுதான் வாத்தியம் இல்லை என்பதே உறைக்கும். ஏன் அவ்வளவு தாமதமாக உறைக்கிறது என்பதுதான் என் கேள்வி.

கீழ்க்குரலிலிருந்து தொடங்குகிறேன். பேசும்போது ஆண்களின் குரல்நாண்கள் வினாடிக்குச் சுமார் 100 முதல் 130 முறை அதிரும், பெண்களுக்கு 200-ஐ ஒட்டி இருக்கும். அகப்பெல்லா குழுவில் 'பாஸ்' பாடுபவர் 65 வரை சாதாரணமாக இறங்குவார். கீபோர்டில் நடு 'சி' கட்டைக்கு இரண்டு ஸ்தாயி கீழே (ஒரு ஸ்தாயி இறங்கினால் அதிர்வு பாதியாகும்). ஆனால் 65 அதிர்வு மட்டும் தனியாக வெளியே வருவதில்லை. கூடவே அதன் மடங்குகளான 130, 195, 260, 325 என்று ஒரு படையே கிளம்பும். இயற்பியல் பாடத்தில் மேற்சுரங்கள் என்று படித்தது இவற்றைத்தான். தொண்டையிலிருந்து உதடு வரைக்கும் உள்ள பாதை, ஆண்களுக்குச் சுமார் 17 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குழாய். நாக்கும் உதடும் அந்தக் குழாயின் வடிவத்தை மாற்ற மாற்ற, ஒத்ததிர்வால் சில மேற்சுரங்கள் ஓங்கும், சில அடங்கும். ஒரே சுரத்தில் 'ஆ' என்பதும் 'ஈ' என்பதும் வேறு வேறாகக் கேட்பது இதனால்தான்.

பாஸ் பாடகர்கள் 'டும்', 'ஜும்' என்று பாடுவதற்கும் இதுதான் காரணம். கம்பியை மீட்டினால் முதல் கணத்தில் மேற்சுரங்கள் பளிச்சென்று கேட்கும், பிறகு உயரமானவை முதலில் அடங்க, கடைசியில் கீழ்ச்சுரம் மட்டும் நிற்கும். 'டு' என்று திறந்து 'ம்' என்று உதட்டை மூடும்போது குரலிலும் அதே வரிசையில் மேற்சுரங்கள் அடங்குகின்றன. 'டும்' என்ற ஓரசைக்குள் ஒரு கம்பியின் முழு ஆயுளும் இருக்கிறது.

இனி டிவிக்கு வருவோம். சுவரில் மாட்டும் தட்டை டிவிக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரால் 65 ஹெர்ட்ஸுக்கு, அதாவது வினாடிக்கு 65 அதிர்வுக்கு, வேண்டிய அளவு காற்றைத் தள்ள முடியாது. அந்த அதிர்வெண் பெரியம்மாவின் காதுக்கு ஏறக்குறைய வந்துசேரவே இல்லை. 195, 260, 325 ஆகியவை வந்தன. அவற்றை வைத்து மூளை கணக்குப் போட்டுவிட்டது. இந்த எண்கள் எல்லாவற்றையும் மீதியின்றி வகுக்கும் பெரிய எண் 65. சேர்ந்து வரும் அலையும் வினாடிக்கு 65 தடவைதான் தன்னைத் திரும்பச் சொல்கிறது. எனவே 65-இல் ஒருவர் பாடுகிறார் என்று மூளை முடிவு கட்டி, அந்தச் சுரத்தையே நமக்குக் கேட்கவும் வைக்கிறது. இல்லாத அடிச்சுரம் இது. நெஞ்சில் அதிரும் கனம் குறையும், ஆனால் சுரம் மாறாது.

இது அபூர்வமான விஷயமே இல்லை, தினமும் செய்கிறோம். பழைய தொலைபேசி இணைப்புகள் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தின. அப்பாவின் குரலோ 110-ஐ ஒட்டியது. அந்த 110-உம் வரவில்லை, இரண்டாம் மடங்கு 220-உம் வரவில்லை. இருந்தும் எஸ்.டி.டி. பூத்தில் நின்று பேசிய யாருக்காவது அப்பாவின் குரல் கீச்சென்று கேட்டதுண்டா? நேர்மையாக ஒன்றையும் சொல்ல வேண்டும். நிகழ்ச்சியில் பாஸ் பாடகர் மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடிப்பார். மேடை மைக்குகள் பெரும்பாலும் ஒரு திசையை நோக்கிக் கேட்கிறவை, வாயருகே வரவரக் கீழ்ச்சுரத்தைப் பெருக்கிக் காட்டும். ஒலிப்பதிவு மேசையிலும் கொஞ்சம் கூட்டுவார்கள். ஆனால் எவ்வளவு கூட்டினாலும் சின்ன ஸ்பீக்கர் பாடாததை நம் தலைக்குள் இருப்பதுதான் பாடியாக வேண்டும்.

டிரம்ஸ் சமாச்சாரம் வேறு. அது சுரம் இல்லை, காற்றின் வெடிப்பும் உரசலும். வீட்டில் செய்து பாருங்கள்: மூச்சை அடக்கித் தொண்டையை இறுக்கி மூடிக்கொண்டு, உதட்டை மட்டும் 'ப்' என்று வெடிக்க விடுங்கள். நுரையீரலிலிருந்து காற்று வரவில்லை, வாய்க்குள் அடைபட்ட ஒரு வாய் காற்றுதான் வெடிக்கிறது. வாயாலேயே டிரம்ஸ் வாசிக்கும் பீட்பாக்ஸ் கலையில் பெரிய டிரம்மின் உதை இதுதான். 'த்ஸ்' என்று பல்லிடுக்கில் கசியவிட்டால் சிம்பல். சில அடிகளைக் காற்றை உள்ளிழுத்தே எழுப்புவார்கள். அடியும் விழும், மூச்சும் நிரம்பும். ஒரு பாட்டு முழுக்க அந்த மனிதர் மூச்சுவிட நிறுத்தவே இல்லையே என்று பெரியம்மா வியந்தது இதைத்தான்.

இதை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்தே படம்பிடித்திருக்கிறார்கள். தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஸ்ரீகாந்த் நாராயணனின் குழு, ஒரு பீட்பாக்ஸரின் நாக்கும் தொண்டையும் அசைவதை அசையும் படமாகவே எடுத்து 2013-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. நாராயணன் நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. அந்தக் கலைஞர் தனக்குத் தெரியாத தொலைதூர மொழிகளில் உள்ள மெய்யொலிகளையே டிரம் சத்தங்களாகப் பயன்படுத்தியது படத்தில் தெரிந்தது. ஆப்பிரிக்க மொழிகள் சிலவற்றில் உள்ள நாச்சொடுக்கு ஒலிகள் அவற்றில் ஒரு வகை.

பெரியம்மாவுக்கு உடனே கொன்னக்கோல் நினைவு வந்தது. 'தகதிமி', 'தகிட' என்று தொடையில் தட்டிச் சொல்லிக் காட்டினார். இரண்டும் உறவுதான், ஆனால் ஒன்றல்ல. கொன்னக்கோல் மிருதங்க அடிக்குப் பெயர் சொல்கிறது, கணக்கைத் தெளிவாக்குகிறது. பீட்பாக்ஸ் அடியின் ஓசையாகவே மாறப் பார்க்கிறது. இரண்டுக்கும் முதுகெலும்பு வல்லினம்தான். க, ட, த, ப என்று காற்றை ஓரிடத்தில் முழுசாக அடைத்துத் திறக்கும் எழுத்துகள். எந்த எழுத்து எங்கே பிறக்கிறது என்று பல்லும் இதழும் நாவும் அண்ணமுமாகப் பிரித்து எழுதிவைக்கத் தொல்காப்பியம் பிறப்பியல் என்று ஒரு இயலையே ஒதுக்கியிருக்கிறது. பீட்பாக்ஸ் கற்றுக்கொள்ள விரும்பும் தமிழ்ப் பிள்ளைக்குப் பிறப்பியலைப் போல ஒரு தொடக்கப் பாடம் கிடைக்காது என்று நிஜமாகவே நினைக்கிறேன்.

கீழ்ச்சுரமும் தாளமும் இருந்துவிட்டால் போதுமா? ஐந்து தனிக்குரல்கள் ஒரே வாத்தியம்போலக் கேட்பது எப்படி? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கணக்கு எளிதாக இருக்க ஒருவர் 200 ஹெர்ட்ஸில் ஷட்ஜம் ('ஸ') பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்குச் சுத்தமான பஞ்சமம் ('ப') 300, அந்தர காந்தாரம் ('க') 250. ஷட்ஜக் குரலின் ஐந்தாம் மடங்கு 1000. காந்தாரக் குரலின் நாலாம் மடங்கும் 1000. இரண்டு தொண்டையிலிருந்து வந்த மேற்சுரங்கள் ஒரே இடத்தில் பொருந்திவிட்டன. இப்போது அதே காந்தாரத்தைக் கீபோர்டில் அழுத்தினால் 252-க்கு வரும். எந்தக் கட்டையிலிருந்தும் பாட்டைத் தொடங்க வசதியாக ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காகப் பிரித்ததற்குக் கொடுக்கும் விலை அது. அதன் நாலாம் மடங்கு 1008. 1000-உம் 1008-உம் ஒன்றாகக் கேட்டால் வினாடிக்கு எட்டுத் தடவை ஒலி ஏறி இறங்கும். இதை விம்மல் என்கிறோம். அந்த எட்டு விம்மலைத்தான் காது கரகரப்பாக உணர்கிறது. கீபோர்டின் பஞ்சமம் பரவாயில்லை, கிட்டத்தட்டச் சுத்தம். காந்தாரத்தில்தான் கோளாறு. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை ஒதுக்கிவைத்தபோது, சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் வராது என்பதோடு இந்த அசையாத சுரங்களும் குற்றச்சாட்டாக இருந்தன.

தொண்டைக்கு இந்தக் கட்டு இல்லை. கீபோர்டு இல்லாத மேடையில் ஒருவரையொருவர் கேட்டுப் பாடும் நல்ல குழு, நீண்டு நிற்கும் சுரங்களில் விம்மல் அடங்கும் இடத்தை நோக்கி நகரும். உயிரெழுத்தையும் ஒரே வாய் வடிவில் பிடித்தால் ஓங்கும் மேற்சுரங்களும் ஒன்றாகும். அப்போது தலைக்குமேல் மெல்லிய மணி ஓசைபோல உயரமான ஒரு சுரம் கேட்கும். அதை யாரும் தனியாகப் பாடவில்லை. எல்லோருடைய மேற்சுரங்களும் கூடி நிற்கிற இடம் அது.

இதை நான் விளக்கத் தொடங்கியதுமே பெரியம்மா கையமர்த்தினார். "தம்புராவை நல்லா சேர்த்தா காந்தாரம் தானா பேசும்டா. இது எங்களுக்குப் புதுசா?" அவர் சொன்னது சரிதான். தம்புராவில் காந்தாரத்துக்குத் தந்தியே கிடையாது. பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் அவ்வளவுதான். மந்தரத் தந்தியில் ஒலிக்கும் கீழ் ஷட்ஜத்தின் ஐந்தாம் மடங்குதான் அந்த அந்தர காந்தாரம். பாலத்தின் மேல் தந்திக்கு அடியில் செருகும் ஜீவா நூல் மேற்சுரங்களைத் தூண்டிவிடுகிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி.ராமன், ஒளியைப் பற்றிய கண்டுபிடிப்புக்கு முன்பே, 1921-இல் தம்புராவையும் வீணையையும் இதற்காக ஆராய்ந்து எழுதினார். மயிலாப்பூர் சபாவில் கச்சேரி தொடங்குமுன் தம்புரா மட்டும் ஒலிக்கும் அந்த அரை நிமிஷத்தில் நாம் கேட்பதும், அமெரிக்க மேடையில் ஐந்து பேர் வாயைத் திறந்து நிறுத்தும் கடைசிச் சுரத்தில் கேட்பதும் ஒரே விஷயம்.

ஆனால் தம்புரா இல்லாத இடத்தில் ஒரு ஆபத்து உண்டு. சுத்தமான பஞ்சமமாக ஏறிக்கொண்டே போங்கள்: 200, 300, 450, 675, 1012.5. நாலு தாவலில் இரண்டு ஸ்தாயி மேலே ஒரு காந்தாரத்துக்கு வந்துவிட்டோம். ஆனால் சுத்தமான காந்தாரம் அங்கே 1000 அல்லவா? ஒவ்வொரு அடியும் சுத்தமாக வைத்தும் போய்ச்சேர்ந்த இடம் தப்பாகிவிட்டது. கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலான அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம். நம் இசையில் ஆதார ஷட்ஜம் அசையாமல் நிற்பதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை. மேற்கத்திய இசையிலோ அடிச்சுரம் மாறிக்கொண்டே போகும், ஒவ்வொரு மாற்றத்திலும் இந்த வித்தியாசத்தை யாராவது எங்காவது விழுங்கியாக வேண்டும். களைப்பும் கவனக்குறைவும் சுருதியை இறக்கும், உண்மைதான். ஆனால் நன்றாகக் கேட்டுப் பாடுவதாலேயே நகர்ந்துவிடும் குழுக்களும் உண்டு. நடுவர் "சுருதி இறங்கிவிட்டது" என்று சொல்லும்போது திட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்கிறேன்.

சென்னையில் இதை நேரில் கேட்க நல்ல காலம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள். 1893-இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் காலத்திலிருந்து இங்கே கூட்டுக்குரலுக்கு ஒரு நீண்ட பழக்கம் இருக்கிறது. போன டிசம்பரில் வேப்பேரியில் ஒரு தேவாலயத்துக்குப் பாடல் பயிற்சி கேட்கப் போயிருந்தேன். பாடகர் குழுத் தலைவர் ஒரு சின்ன ஊதுகுழலில் சுரம் கொடுத்தார், இருபது பேர் வாத்தியமில்லாமல் மூன்று பத்திகள் பாடினார்கள், கடைசிச் சுரத்தை அப்படியே நிறுத்தினார்கள். கல் சுவர்களுக்கு நடுவே, மேலே எங்கோ அந்த மணி ஓசை தெளிவாகக் கேட்டது. பிறகு அவர் அதே குழலை மறுபடி ஊதிப் பார்த்தார். குழல் கொஞ்சம் மேலே நின்றது. எல்லோரும் சிரித்துவிட்டு, முதல் பத்தியிலிருந்து திரும்பத் தொடங்கினார்கள். இந்த வருஷம் பெரியம்மாவையும் கூட்டிப்போகிறேன்.