"பழகிப்போச்சு டொக்டர்" என்று இனி யாரும் சொல்லாதீர்கள்

தேனீயோ குளவியோ கொட்டி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில், சித்திரை லீவு முடிவதற்குள் இது ஐந்தாவது ஆள். அதனால்தான் நைட் டியூட்டி முடிந்து வந்து, தூங்காமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று மத்தியானம் வந்தவர் ஐம்பது வயது அண்ணன் ஒருவர். தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்குப் பின்னால் அவர் வைத்திருக்கும் தோட்டத்தைப் போகிற வருகிற எல்லோரும் நின்று பார்ப்பார்கள். டேலியா, ஜெரேனியம், வேலியோரம் ஹைட்ரேஞ்சியா, நடுவில் போத்தல் கழுவும் பிரஷ் மாதிரி சிவப்பாகப் பூத்துத் தொங்கும் மரம் ஒன்று. அதன் கீழே மண் கொத்தும்போது கழுத்தில் ஒன்றே ஒன்று கொட்டியிருக்கிறது. ஒன்றுதானே என்று சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு, பிளேன்டீ குடித்துவிட்டு மறுபடி மண்வெட்டியைத் தூக்கியிருக்கிறார். கால் மணித்தியாலத்தில் உள்ளங்கை அரித்து, குரல் கம்மி, வாந்தி எடுத்து, வாசற்படியிலேயே சரிந்துவிட்டார். வரும்போது பிரஷர் 70-க்குக் கீழே. தொடையில் அட்ரினலின் ஊசி போட்டு, சேலைன் ஏற்றி, எப்படியோ திரும்ப வந்தார். கண் திறந்ததும் சொன்னது இதுதான்: "எத்தனையோ தடவை கொட்டியிருக்கு டொக்டர், நமக்கு இதெல்லாம் பழகிப்போச்சு."

எனக்கு வந்த கோபத்தை நர்ஸ் அக்காதான் அடக்கினார்.

ஒவ்வாமை முதல் கொட்டிலேயே வருவது அபூர்வம். முன்னால் வாங்கிய கொட்டில்தான் உடம்பு அந்த விஷத்தை அடையாளம் கண்டு, அதற்கு எதிராக ஆயுதம் சேர்த்து வைக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது, கொஞ்சம் வீக்கம், இரண்டு நாளில் சரி. பிறகு ஒரு நாள், மூன்றாவதோ பத்தாவதோ கொட்டில், சேர்த்து வைத்ததெல்லாம் ஒரேயடியாக வெடிக்கிறது. ஆக, முன்னால் கொட்டியிருக்கிறது என்பது தைரியம் தரவேண்டிய விஷயமே இல்லை. "தேன் பெட்டி வைத்திருக்கும் மாமாவுக்கு ஒன்றும் ஆவதில்லையே" என்று கேட்பீர்கள். சரி, வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் கொட்டு வாங்குபவர்களில் பலருக்கு உடம்பு உண்மையிலேயே பழகிக்கொள்ளும். வருடத்துக்கு இரண்டோ மூன்றோ வாங்கும் நமக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. போன தடவை உடம்பெல்லாம் தடித்தது, தலை சுற்றியது, மூச்சு இழுத்தது என்றால் அடுத்த தடவை இன்னும் மோசமாகலாம். அப்படிப்பட்டவர்கள் தயவுசெய்து கிளினிக்குக்கு வந்து பதிந்துகொள்ளுங்கள். பிரஷருக்கு அட்டெனோலோல் மாதிரி மாத்திரை குடிப்பவர்கள் அதையும் சொல்லுங்கள், அவர்களுக்கு அட்ரினலின் சரியாகப் பிடிக்காமல் நாங்கள் திண்டாடியிருக்கிறோம்.

இன்னொரு விஷயம். நம் பக்கத்தில் கொட்டுகிற எல்லாமே "குளவி". கார்டிலும் குளவிக் கொட்டு என்றுதான் எழுதுகிறோம். கொடுக்குத் தோலில் குத்தி நின்றால் அது தேனீ, பெரும்பாலும் பாறையிலும் உயர்ந்த மரக்கிளையிலும் ஒற்றை அடையாகத் தொங்கும் பெரிய தேனீ. உண்மையான குளவி கொடுக்கை விட்டுப்போகாது, திரும்பத் திரும்பக் கொட்டும். கொடுக்கு நின்றால் அந்த நொடியே நகத்தால் பிய்த்து எறியுங்கள். வழித்தெடுக்கக் கத்தி தேடாதீர்கள், காசு தேடாதீர்கள். பிய்ப்பதா வழிப்பதா என்று வாக்குவாதம் பண்ணுகிற நேரத்தில் பையிலிருக்கும் விஷம் முழுக்க உள்ளே இறங்கிவிடும்.

இதற்காகப் பூமரங்களை வெட்டக் கிளம்பாதீர்கள். போன வாரம் ஒரு வீட்டில் அதைத்தான் செய்தார்கள், பார்க்கவே வயிறு எரிந்தது. பூவில் தேன் குடிக்கும் தேனீக்கு உங்கள் மேல் ஒரு அக்கறையும் இல்லை, கையால் அமுக்கினாலோ சட்டைக்குள் மாட்டிக்கொண்டாலோதான் கொட்டும். மூர்க்கமாவது கூட்டுக்குப் பக்கத்தில். மழைக்கு முன்னால் மலையெல்லாம் பூக்கிற இந்த நாட்களில் இடம் மாறிப் போகும் கூட்டம் சில சமயம் கொய்யாக் கிளையில் திரண்டு தொங்கும். அடை இருக்காது, இளைப்பாறிவிட்டுச் சில நாளில் தானாகப் போய்விடும். அதற்குப் பந்தம் கொளுத்துவது, பெற்றோல் ஊற்றுவது, பையன்களைக் கல்லெறிய விடுவது இதெல்லாம் எந்த ஊர் புத்தி? நிரந்தரமாக அடை கட்டியிருந்தால் தெரிந்தவரைக் கூப்பிட்டு இருட்டிய பிறகு எடுக்கச் சொல்லுங்கள். பாறை அடையைத் தேன்பருந்து வந்து கலைத்தால் கீழே கொழுந்து எடுப்பவர்கள் மேல்தான் தேனீக் கூட்டம் பாயும், அதற்கு யாரும் பொறுப்பில்லை, ஓட வேண்டியதுதான். கூட்டமாகத் துரத்தினால் துணியால் முகத்தை மூடிக்கொண்டு நேராக வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்துங்கள். நின்று கையை வீசாதீர்கள். கொட்டிய இடத்திலிருந்து வரும் வாசம் மற்றதையும் கூப்பிடும், கிட்டத்தட்ட வாழைப்பழ வாசம்.

வீங்குவதற்கெல்லாம் பயப்பட வேண்டாம், கை முழுக்க வீங்கினாலும் ஐஸ் வைத்தால் போதும், அதற்கு அன்டிபயோட்டிக் கேட்டு என்னோடு சண்டை பிடிக்காதீர்கள். கொட்டிய இடத்தைத் தாண்டி உடம்பெல்லாம் தடித்தால், உதடு நாக்கு வீங்கினால், மூச்சு இழுத்தால், வாந்தி மயக்கம் வந்தால் 1990-க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும், அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. பிரிட்டன் மாத்திரை கொடுத்துவிட்டோமே என்று வீட்டில் உட்காராதீர்கள், அது அரிப்புக்கு, பிரஷர் விழுந்தால் அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. மயங்குபவரைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். நேற்று அந்த அண்ணனை த்ரீவீலில் இரண்டு பேர் நிமிர்த்திப் பிடித்து உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள், அன்பில்தான் செய்தார்கள், ஆனால் அப்படி நிமிர்த்தும்போதே இதயம் நின்றுவிடுவதுண்டு. மூச்சுத் திணறினால் மட்டும் சாய்ந்து உட்காரலாம், நடக்கவே விடக்கூடாது. ஊசி போட்டுத் தெளிந்த பிறகு "வீட்டுக்குப் போறேன்" என்று எங்களிடம் கெஞ்சாதீர்கள், சில மணித்தியாலம் கழித்து ஒவ்வாமை மறுபடி வரலாம்.

பத்து, ஐம்பது என்று கொட்டு வாங்கியவர்களுக்கு ஒவ்வாமையே இல்லாவிட்டாலும் விஷத்தின் அளவே ஆளைச் சாய்க்கப் போதும், பிள்ளைகளுக்கு இன்னும் குறைவாக இருந்தாலும் போதும். சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால் சிறுநீரகம் அடிபடத் தொடங்கியிருக்கிறது, விடியட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே கொண்டுவாருங்கள்.

அண்ணன் நாளைக்கு வீட்டுக்குப் போகிறார். அந்த மரத்தை வெட்டிவிடட்டுமா என்று அவர் வீட்டு அக்கா கேட்டார். மரம் இருக்கட்டும், பூக்கிற நாட்களில் அதன் கீழே கொத்துகிற வேலையை மகனிடம் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.