ரசத்தில் கலக்காதீர்கள்

குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மாத்திரை கலந்து விபரீதமானது மூன்று மாதத்தில் இது நான்காவது முறை. அதனால் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒரு காதுகுத்து வீடு. பந்தலுக்குப் பின்னால் போய்க் கொஞ்சம் குடித்துவிட்டு வந்து பந்தியில் உட்கார்ந்தவருக்கு, இலையில் பாயசம் விழுவதற்குள் முகமும் கழுத்தும் குங்குமம் அப்பியதுபோல் சிவந்துவிட்டன. வாந்தி, படபடப்பு. எழுந்து கை கழுவப் போனவர் அப்படியே சரிந்தார். மாரடைப்பு என்று தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா?" என்று மருத்துவர் மூன்று முறை கேட்டும் மனைவி வாயைத் திறக்கவில்லை. நான்காவது முறை, மணிபர்ஸிலிருந்து பாதி காலியான மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். டைசல்பிராம். குடியை நிறுத்த நினைப்பவர்களுக்கு மருத்துவர் தரும் மாத்திரை; அதைப் போட்டுவிட்டுக் குடித்தால் இப்படித்தான் ஆகும். ஐந்து நாளாகப் பொடித்து ரசத்தில் கலந்திருக்கிறார்.

பிழைத்துக்கொண்டார். மறுநாள் அந்தப் பெண் என் முன்னால் உட்கார்ந்து, "சொன்னால் சாப்பிட மாட்டார் அக்கா, நான் வேறு என்னதான் செய்வது?" என்று கேட்டார். போதை மறுவாழ்வுப் பணியில் இந்தக் கேள்விக்கு நேராகப் பார்த்துப் பதில் சொல்வதைவிடச் சங்கடமானது வேறில்லை.

ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். டைசல்பிராம் குடியின்மேல் வெறுப்பை வரவழைக்கும் வசிய மருந்து அல்ல. குடிக்கும் ஆசையை அது தொடுவதுகூட இல்லை. 'இதைப் போட்டிருக்கிறேன், இன்று குடித்தால் உடம்பு தாங்காது' என்று ஒருவர் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் வேலி அது. வேலி இருப்பதே தெரியாதவர் எதற்குப் பயப்படுவார்? வழக்கம்போல் குடிப்பார், விழுவார். 1940களில் டென்மார்க்கில் இந்தக் குணத்தைக் கண்டறிந்தவர்கள், வேறொரு நோய்க்கான ஆய்வுக்காகத் தாங்களே அதை விழுங்கிப் பார்த்தவர்கள். பிறகு குடித்தபோது உடம்பு படுத்தியது. தாங்கள் விழுங்கியது என்னவென்று தெரிந்திருந்ததால்தான் காரணத்தைப் பிடிக்க முடிந்தது. பந்தியில் சரிந்தவருக்கு அந்த வாய்ப்பே இல்லை.

குடித்து 12 மணி நேரமாவது ஆகாமல் இதைத் தொடவே கூடாது. நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை வேலை செய்யும். இதயமும் ஈரலும் தாங்குமா என்று பார்க்காமல் எந்த மருத்துவரும் எழுதித் தருவதில்லை. மருந்துக் கடைக்காரர் எப்படிக் கொடுத்தார் என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும். 'குடிப்பவருக்குத் தெரியாமல் நிறுத்தலாம்' என்று பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கிறதே, அந்தப் பொடிகளில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்காவது தெரியுமா?

இரகசியம் எங்கள் தொழிலிலும் உண்டு. அது எங்களிடம் சிகிச்சைக்கு வருபவருடைய இரகசியம். வெளியிடத்தில் பார்த்தால் அவராகப் பேசாதவரை நாங்கள் பேசுவதில்லை. ஒருமுறை ஜவுளிக் கடையில், பெண் வீட்டாருடன் முகூர்த்தப் புடவை எடுக்க வந்த ஒருவர் என்னைக் கண்டதும் வெளிறிப்போய், "எங்கள் பழைய ஆபீஸ் மேடம்" என்று அறிமுகப்படுத்தினார். வருங்கால மாமனார் விடுவதாக இல்லை. மாப்பிள்ளை வேலையில் எப்படி என்று கேட்டார். "சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவார்" என்றேன். எங்கள் மையத்தின் குழுக் கூட்டத்துக்கு அவர் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை, பொய் சொல்லவில்லை.

இன்னொன்று. "மாலை போட்டால் 41 நாள் தொடுவதில்லை, அவர் எப்படி அடிமை?" என்று வாதாடாதீர்கள். நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் நடுக்கம், வலிப்பு, இல்லாத உருவங்கள் தெரிவது எல்லாம் வரலாம். கார்த்திகை பிறந்தால் எங்களுக்கு இப்படி அழைப்புகள் வரும். சாமி வந்திருக்கிறது என்று தேங்காய் உடைக்காமல், நேராக மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். உயிரே போகக்கூடிய நிலை அது.

ஏற்கெனவே கலந்து கொடுத்திருந்தால் இன்றே நிறுத்துங்கள்; அவரிடமும் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். திட்டு வாங்கினால் வாங்குங்கள். அடிப்பார் என்ற பயம் இருந்தால் முதலில் எங்களிடம் வாருங்கள், சேர்ந்து சொல்வோம். அவர் வர மறுத்தாலும் நீங்கள் மட்டும் வரலாம், தாயே. 14446 என்ற இலவசப் போதை மீட்பு உதவி எண்ணில் கூப்பிடலாம்.

சொல்லிக் கொடுத்தால் சாப்பிடுவார்களா என்றால், சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தினசரி நாட்காட்டித் தாள்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி ஒருவர் எடுத்து வந்தார். ஒவ்வொரு தாளின் பின்னாலும் 'மாத்திரை போட்டேன்' என்று அவர் கையெழுத்தில்; கீழே மனைவியின் ஒப்பம். இருநூறுக்கு மேல் இருக்கும். நடுவில் ஒரு தாளில் மட்டும் ஒப்பம் இல்லை. விரலை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன்.

"அன்றைக்குச் சண்டை, மேடம்" என்றார்.

"போட்டதைப் பார்த்தேன்" என்றார் பக்கத்தில் இருந்த மனைவி. "கையெழுத்துத்தான் போடவில்லை."