தோள்பட்டைல அழுத்துனா சுரம் ஏறும்: க்ளாரன்ஸ் வைட்டோட டெலிகாஸ்டர்

அமெரிக்க கிட்டார் கலைஞர் க்ளாரன்ஸ் வைட் வாசிச்ச எலக்ட்ரிக் கிட்டார மொதமொதல்ல கேக்குறவங்க நெறைய பேர் அத பெடல் ஸ்டீல்னுதான் (படுக்க வச்சு, பெடல மிதிச்சு வாசிக்கிற கிட்டார்) நெனச்சுப்பாங்க, ஏன்னா கார்ட், அதாவது சேந்து ஒலிக்கிற பல சுரம், அப்படியே ஒலிச்சுட்டு இருக்கும்போதே அதுக்குள்ள ஒரே ஒரு சுரம் மட்டும் வழுக்கிட்டு மேல போகும், மத்த கம்பியெல்லாம் இருந்த எடத்துலயே இருக்கும். விரலால கம்பிய வளைச்சு இத கொண்டுவர்றது ரொம்பவே கஷ்டம், கார்ட புடிச்சிருக்குற விரல எப்படி எடுக்குறது?

வைட் 1944ல மெய்ன் மாநிலத்துல லூயிஸ்டன்ல பொறந்து, சின்ன வயசுலயே குடும்பத்தோட கலிஃபோர்னியாவுக்கு வந்தவர். அண்ணன் ரோலண்ட் மாண்டலின், இவர் கிட்டார், கென்டக்கி கர்னல்ஸ்னு ஒரு ப்ளூகிராஸ் (அமெரிக்க நாட்டுப்புற இசைல ஒரு வகை) குழு. அப்பல்லாம் ப்ளூகிராஸ்ல கிட்டாருக்கு பெரும்பாலும் தாளம் புடிக்கிற வேலைதான், முன்னாடி நின்னு வாசிக்கிறது ஃபிடிலும் பேஞ்சோவும் மாண்டலினும். டாக் வாட்சன்ங்கற கிட்டார் கலைஞரும் இவரும் தான் அந்த எடத்துக்கு அகூஸ்டிக் கிட்டார கொண்டுவந்தவங்கள்ல முக்கியமானவங்க. வைட் சுரத்த தாளத்துக்கு கொஞ்சம் முன்னயோ பின்னயோ தள்ளி வைப்பார், நடுவுல சும்மா விட்டுடுவார், அந்த இடைவெளிதான் என்னைப் பொறுத்தவரை அவரோட பெரிய சொத்து. அறுபதுகளோட நடுவுல டெலிகாஸ்டர்ங்கற எலக்ட்ரிக் கிட்டார் வாங்கி அந்தப் பக்கம் போனார், 1968ல பேர்ட்ஸ்ங்கற ராக் குழுவுல சேந்தார்.

அதுக்கு கொஞ்சம் முன்னாடிதான் அந்த வழுக்குற சுரத்துக்கு ஒரு வழி பொறந்துது. பெடல் ஸ்டீல் வாசிக்கிறவர் காலாலயும் முட்டியாலயும் குறிப்பிட்ட கம்பிய மட்டும் இழுக்க முடியும், கை ரெண்டும் ஃப்ரீ. வைட்டுக்கு அதே சத்தம் வேணும். நட்டுக்கு (கழுத்தோட நுனில கம்பிகள தாங்குற கட்டை) அந்தப் பக்கம், அதாவது கம்பிய முறுக்குற சாவிக்கிட்ட கம்பிய அழுத்துனா சுரம் ஏறும்னு அவருக்கு தெரியும், ஆனா கிட்டார் கழுத்துல மேல, அதாவது பாடிப் பக்கமா, வாசிக்கும்போது கை அங்க எட்டாது, அதனால கூட வாசிச்ச ட்ரம்மர் ஜீன் பார்சன்ஸ அழுத்தச் சொன்னார். பார்சன்ஸுக்கு மெஷின் வேலையும் தெரியும். மூணாவது கை தேவைன்னா அத கிட்டாருக்குள்ளயே வச்சுடலாம்னு பெடல் ஸ்டீல் பாகங்கள வச்சு ஒரு லீவர் செஞ்சார்.

இப்ப உள்ள என்ன நடக்குதுன்னு பாப்போம். தோள் வார் மாட்டுற மேல் பட்டன் மரத்துல நிக்காம ஒரு லீவரோட முனைல நிக்கும். கிட்டார் கழுத்த கீழ அழுத்துனா வார் அந்த லீவர மேல இழுக்கும், அந்த அசைவு பாடிக்குள்ள இருக்குற உலோகத் தண்டு வழியா பின்னால போய், பிரிட்ஜுக்கு (பாடி மேல கம்பிகள தாங்குற பாகம்) பின்னாடி ரெண்டாவது கம்பியோட முனைய புடிச்சிருக்குற பாகத்த திருப்பும். கம்பி இறுகும். கழுத்த விட்டா ஸ்பிரிங் பழைய எடத்துக்கு கொண்டுவந்துடும்.

ரெண்டாவது கம்பி பி சுரம், சுமார் 247 ஹெர்ட்ஸ். ஒரு முழு டோன் ஏறுனா சி ஷார்ப், சுமார் 277. கம்பியோட அதிர்வெண் இழுவிசையோட வர்க்கமூலத்த பொறுத்தது, அதனால சுரம் 12 சதவீதம் ஏற இழுவிசை 26 சதவீதம் கூடணும். வீணைல கம்பிய பக்கவாட்டுல இழுத்து கமகம் வாசிக்கிறதும் இதே கணக்குதான். 0.33 மில்லிமீட்டர் தடிமன் உள்ள கம்பின்னு வச்சுக்கிட்டா, இழுவிசை சுமார் 7 கிலோலேர்ந்து 9 கிலோ பக்கம் போகும். ஆனா ஸ்டீல் அவ்வளவு விறைப்பா இருக்குறதால கம்பி நீளுறது ஒரு மில்லிமீட்டருக்கும் கம்மிதான்! தோள்ல நடக்குற பெரிய அசைவ லீவர் இந்த துளி நீளமா சுருக்குது, சுருங்குற அளவுக்கு விசை கூடுது, அதனாலதான் தோள் வாரால அவ்வளவு இறுகுன கம்பிய அலட்டாம இழுக்க முடியுது. எங்க நிக்கணும்ங்கறதும் முக்கியம், கொஞ்சம் தாண்டுனாலும் அபஸ்வரம், அதுக்குத்தான் இழுப்போட எல்லைய சரிபண்ணி வைக்கிற வசதி.

1973 ஜூலைல கலிஃபோர்னியா பாம்டேல்ல கச்சேரி முடிஞ்சு சாமான்கள வண்டில ஏத்திட்டு இருக்கும்போது குடிச்சுட்டு ஓட்டுன ஒருத்தரோட கார் மோதி வைட் செத்துப்போனார், வயசு 29தான். இத எழுதும்போது இப்பவும் மனசு ஆறல. அந்த டெலிகாஸ்டர் இன்னிக்கு கண்ட்ரி இசைக் கலைஞர் மார்ட்டி ஸ்டூவர்ட் கைல இருக்கு, அவர் அத மேடைல வாசிக்கிறார்.

இந்த லீவரால கம்பிய இறுக்க மட்டும்தான் முடியும், பி சுரத்துக்கு கீழ தளர்த்த முடியாது. அப்ப மேலேர்ந்து கீழ வழுக்கிட்டு வர்ற சுரம் எப்படி? மீட்டுறதுக்கு முன்னாடியே கழுத்த அழுத்தி வச்சுக்கணும், மீட்டுனப்புறம் மெதுவா விடணும், எவ்வளவு மெதுவாங்கறத ஸ்பிரிங் முடிவு பண்ணாது, தோள்தான் முடிவு பண்ணும்.