மரத்திலேயே காய்ந்து பொடியாகும் புளிப்பு

மன்னார்ப் பக்கம் பெருக்க மரம், தமிழ்நாட்டில் ஆனைப்புளி, பொந்தன்புளி. உலகச் சந்தையில் இதற்குப் பெயர் பவோபாப். மன்னார்த் தீவில் நிற்கும் மரங்கள் அராபிய வணிகர்கள் கொண்டுவந்தவை என்பது அங்கே நிலவும் நம்பிக்கை. மரத்தின் தாயகம் சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்கச் சவன்னா. (நம் குழம்புப் புளியும் அந்தக் கண்டத்திலிருந்து வந்ததுதான்.) 1749இல் செனகல் போய் இறங்கிய பிரெஞ்சு இயற்கையியலாளர் மிஷேல் அடான்சன் இம்மரத்தை விரிவாக விவரித்தார். அடான்சோனியா என்ற பேரினப் பெயர் அவரால் வந்தது.

வெள்ளைப் பூ அந்தியில் விரிந்து, இரவில் பழந்தின்னி வௌவால்களால் மகரந்தம் பெற்று, மறுநாளே வாடிவிடும். காய் முற்ற ஐந்தாறு மாதம் ஆகும். மழைக்காலத்தில் பருத்து, வறண்ட மாதங்களில் காம்பில் தொங்கியபடியே காய்கிறது. வெல்வெட் போன்ற ரோமம் மூடிய கட்டை ஓட்டைக் கல்லால் தட்டி உடைத்தால் சாறு வராது. சுண்ணாம்புக் கட்டி போன்ற வெள்ளைத் துண்டுகளும், அவற்றைப் பின்னிய செந்நாரும், ஒவ்வொரு துண்டுக்குள்ளும் சிறுநீரக வடிவில் ஒரு கொட்டையும் இருக்கும். சதையின் ஈரம் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பங்குதான். சிட்ரிக், டார்டாரிக், மாலிக் அமிலங்கள் புளிப்பைத் தருகின்றன. புளிப்பை அளக்கும் பிஎச் எண் (குறையக் குறையப் புளிப்பு கூடும்) சுமார் 3.3.

மரமே உலர்த்திக் கொடுத்துவிடுவதால் பொடியாக்க நெருப்போ இயந்திரமோ தேவையில்லை. துண்டுகளை உரலில் போட்டு உலக்கையால் மெதுவாகக் குத்த வேண்டும். கொட்டையின் தோல் கடினமானது, இலேசான குத்துக்கு உடையாது. ஓங்கிக் குத்தினால் உடைந்து, பருப்பின் எண்ணெயும் கசப்பும் பொடியில் ஏறிவிடும். நாரைப் பிரித்துவிட்டு மெல்லிய சல்லடையில் சலித்தால் வேலை முடிந்தது. கவனிக்க வேண்டியது பழத்தின் மேலோடு: விரிசல் விட்ட பழத்துக்குள் ஈரமும் வண்டும் புகுந்திருக்கும், சதை பழுப்பேறிப் பூசணம் கண்டிருக்கும். அதைக் கலந்தால் நல்ல பொடியும் வீண். சலித்த பொடி காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டும், நிறமும் மங்கும். அன்றே காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து இருட்டில் வைத்துவிடுவது நல்லது.

செனகலில் இதைக் கரைத்துக் குடிக்கும் பானத்துக்கு 'புய்' என்று பெயர். கொட்டையோடு கூடிய சதை 250 கிராமுக்கு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, புளி கரைப்பது போலக் கையால் பிசைந்து வடிகட்ட வேண்டும். 100 முதல் 150 கிராம் சர்க்கரை, கொஞ்சம் ஜாதிக்காய். சதையில் பெக்டின் (தண்ணீரைக் கெட்டியாக்கும் நார்ச்சத்து) மிகுதி என்பதால் பானம் மோர் போலக் கெட்டியாக நிற்கும். கொதிநீர் ஊற்றினால் வைட்டமின் சி குறையும். சிலர் பாலும் சேர்ப்பார்கள், பிஎச் 4.6ஐ நெருங்கும்போது பால் புரதம் திரளத் தொடங்கும் என்பதால் சூடான பால் சட்டென்று கட்டி கட்டியாகத் திரிந்துவிடும். ஆறிய பானத்தில் குளிர்ந்த பாலைக் கடைசியாகச் சிறிது சிறிதாக விட்டுக் கலக்கலாம். பொடியில் செய்வதென்றால் 250 மில்லிக்கு 20 கிராம் போதும். பொடியை நேரே தண்ணீரில் கொட்டினால் மேற்பரப்பு மட்டும் நனைந்து பெக்டின் தோல் கட்டிக்கொள்ளும், உள்ளே உலர்ந்த மாவு அப்படியே இருக்கும். முதலில் சர்க்கரையோடு கலந்து, சிறிது நீர் விட்டுக் குழைத்து, பிறகு மீதி நீரை ஊற்றினால் கட்டி விழாது.

கென்யா, தான்சானியா கடற்கரையில் கொட்டையோடு சேர்த்தே மிட்டாய் ஆக்குகிறார்கள், 'மபுயு' என்பார்கள். இரண்டு கப் துண்டுகளுக்கு ஒரு கப் சர்க்கரை, முக்கால் கப் தண்ணீர், சிவப்பு நிறம், ஏலக்காய், மிளகாய்த்தூள். பாகு கம்பிப் பதம் வந்த பிறகுதான் துண்டுகளைப் போட்டுப் புரட்ட வேண்டும். நீர்த்த பாகில் போட்டால் சதை கரைந்து பாகோடு போய், வெறும் கொட்டை மிஞ்சும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2008இலும் அமெரிக்கா 2009இலும் உணவுப் பொருளாக இதற்கு வழிவிட்ட பிறகு, 'ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி' என்ற விளம்பரம் பரவிவிட்டது. கணக்குத் தவறில்லை, ஒப்பீடுதான் கோணல். பொடியில் 100 கிராமுக்கு 200 முதல் 300 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம் (மரத்துக்கு மரம் இது பெரிதும் மாறும்). ஆரஞ்சில் 50 சொச்சம். ஆனால் ஆரஞ்சின் பெரும்பகுதி தண்ணீர். யாரும் 100 கிராம் பொடியைத் தின்பதில்லை. பத்து கிராமில் கிடைப்பது 20 முதல் 30 மில்லிகிராம், ஒரு முழு ஆரஞ்சில் அறுபதுக்கு மேல். பவோபாபின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது: சதையில் பாதிக்கு நெருக்கமாக நார்ச்சத்து, கூடவே நல்ல அளவு கால்சியமும் பொட்டாசியமும். கம்பங்கூழில் கலந்தால் இதன் அமிலமும் வைட்டமின் சியும் தானியத்தின் இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும். கம்பும் பவோபாபும் சேர்ந்தே விளையும், சகாராவின் தெற்கு விளிம்பை ஒட்டிய சாகேல் நாடுகளில் இது பெரிய விஷயம்.

சலித்தபின் மிஞ்சும் கொட்டையும் வீணாவதில்லை. ஆட்டினால் எண்ணெய் வரும், பெரும்பாலும் தோலுக்கும் தலைமுடிக்கும் பூசுகிறார்கள். பச்சையாகத் தின்ன ஏற்றதல்ல, புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் அதில் உண்டு. புர்கினா பாசோவில் நெடுநேரம் வேகவைத்து, நொதிக்கவிட்டு, 'மாரி' என்ற வாசனைக் கூட்டாக்கிக் குழம்பில் போடுகிறார்கள். விதைப்பதற்கு எடுத்துவைத்தால், அந்தத் தடித்த தோலை ஓரத்தில் அரத்தால் தேய்த்துவிட்டு ஒரு நாள் ஊறவையுங்கள். தேய்க்காமல் புதைத்தால் முளைக்க மாதக்கணக்கில் ஆகலாம்.