மாடுலேஷன் பெடல்களுக்குள் எது அசைகிறது?

மின்சார கிட்டாரில் மீட்டிய சுரம் சட்டென எழும்பி, மெல்லத் தேய்ந்து அடங்கிவிடும். இடையில் வாசிப்பவர் செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஒற்றைத் தந்தி என்றால் விரலால் இழுத்தும் அசைத்தும் அதற்கு உயிர் கொடுக்கலாம். ஐந்தாறு தந்திகளைச் சேர்த்துப் பிடித்து ஒரு கார்டு வாசித்துவிட்டால் அதற்கும் விரல் மிச்சமிருக்காது. அங்கேதான் மாடுலேஷன் பெடல்கள், அதாவது ஒலியை இடைவிடாமல் அசைத்துக்கொண்டிருக்கும் காலடிப் பெட்டிகள், கைகொடுக்கின்றன.

ட்ரெமோலோ, வைப்ரட்டோ, ஃபேஸர், ஃபிளாஞ்சர், கோரஸ் என்று பெயர்கள் பல. உள்ளே எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது ஒரு மெதுவான ஆஸிலேட்டர். பத்து நொடிக்கு ஒரு முறையிலிருந்து நொடிக்குப் பத்து முறை வரை ஏறி இறங்கும் ஒரு மின்னழுத்தம், அவ்வளவுதான். அது நம் காதுக்கு எட்டாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கை ஏதோ ஒரு குமிழை இடைவிடாமல் திருப்பிக்கொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பெடலின் மேல் இருக்கும் 'ரேட்' குமிழ் அந்தக் கையின் வேகத்தையும் 'டெப்த்' குமிழ் அது எவ்வளவு தூரம் திருப்புகிறது என்பதையும் தீர்மானிக்கின்றன. எதைத் திருப்புகிறது என்பதைப் பொறுத்து பெடலின் வகை அமையும். ஆனால் ஒரே வகையில் ஒரு பெடல் மனதைக் கவர்ந்து இன்னொன்று சப்பென்று இருப்பதற்குக் காரணம் வேறு: அந்தக் கை எப்படித் திருப்புகிறது என்பது. என்னைப் பொறுத்தவரை இந்தக் கருவிகளின் அழகு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

ட்ரெமோலோவில் அசைவது ஒலியளவு மட்டும். 1940-களில் டிஆர்மண்ட் நிறுவனம் விற்ற ட்ரெமோலோ பெட்டிக்குள் ஒரு சிறு மோட்டார், மின்கடத்தும் திரவம் நிரம்பிய குப்பி ஒன்றை ஆட்டிக்கொண்டிருக்கும். திரவம் உள்ளிருக்கும் முனையைத் தொடும்போதெல்லாம் கிட்டார் சிக்னலில் ஒரு பங்கு தரைக்கு வடிந்து ஒலி குறையும். தளும்பும் திரவத்தின் அசைவில் கூர்மையான முனைகள் கிடையாது. ஒலியும் அப்படியே வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கும். இதே வேலையைச் சதுர அலை, அதாவது சட்டென ஏறிச் சட்டென இறங்கும் அலை, கொண்டு செய்தால் ஒலி வெட்டுப்பட்டுத் துண்டு துண்டாகக் கேட்கும். வேகமும் ஆழமும் ஒன்றாக இருந்தாலும், அலையின் வடிவம் மாறியதும் ஆளே மாறிவிடுகிறது.

அடுத்த படிக்குப் போக லெஸ்லி ஒலிபெருக்கியைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஹாம்மண்ட் என்ற மின்சார ஆர்கனுக்காக டொனால்ட் லெஸ்லி 1940-களின் தொடக்கத்தில் உருவாக்கிய அந்த மரப்பெட்டியில், உச்ச சுரங்களுக்கான கொம்பு மேலே நிஜமாகவே சுழலும். கீழ்ச் சுரங்களின் ஒலியைத் திருப்பிவிட ஓர் உருளை கீழே சுற்றும். கொம்பின் வாய் நம்மை நோக்கி வரும்போது டாப்ளர் விளைவால் சுருதி கூடும், விலகும்போது குறையும். ஒலியளவும் நாதத்தின் நிறமும் கூடவே மாறும். கிட்டார்காரர்களுக்கும் இந்த ஒலி வேண்டியிருந்தது. ஆனால் ஓர் அலமாரி அளவு பெட்டியை மேடைக்கு மேடை தூக்கிச் செல்வது யாரால் முடியும்?

அந்தத் தேவைக்கு விடையாக 1960-களின் பிற்பகுதியில் ஜப்பானின் ஷின்-எய் நிறுவனத்திலிருந்து வந்தது யூனி-வைப். வடிவமைத்தவர் ஃபுமியோ மியெடா. அதைத் திறந்தால் நடுவில் ஒரு சிறு பல்பு தெரியும். அதைச் சுற்றி ஒளிபட்டால் மின்தடை குறையும் நான்கு உணரிகள், வெளிச்சம் சிதறாமலிருக்க மேலே ஓர் உலோக மூடி. ஆஸிலேட்டர் பல்பை மங்கவும் பிரகாசிக்கவும் வைக்கும். அதற்கேற்ப நான்கு உணரிகளும் ஒரே நேரத்தில் சிக்னலின் கட்டத்தை, அதாவது அலையின் மேடும் பள்ளமும் வரும் நேரத்தை, நகர்த்தும். இங்கே ஒரு முக்கியமான விஷயம்: பல்பின் இழை சூடாவதும் ஆறுவதும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. உணரியும் வெளிச்சத்துக்கு உடனே இணங்கும், இருட்டுக்குத் திரும்ப நேரமெடுக்கும். அதனால் ஏற்றம் வேகமாகவும் இறக்கம் தயங்கித் தயங்கியும் நடக்கிறது. காதில் அது துடிப்பாக விழுகிறது. லெஸ்லியை அச்சாக நகலெடுப்பதில் யூனி-வைப் தோற்றது என்றே சொல்ல வேண்டும். ஆனால் 1969 வுட்ஸ்டாக் இசை விழா மேடையில் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அதை வாசித்த பிறகு லெஸ்லி மாதிரி இருக்கிறதா என்று யாருக்குக் கேட்கத் தோன்றும்?

ஃபேஸர் என்பது இதே கொள்கையின் துல்லியமான வடிவம். ஒலியின் எந்த அதிர்வெண்ணையும் கூட்டாமல் குறைக்காமல், அலையின் கட்டத்தை மட்டும் பின்தள்ளும் சுற்று ஒன்று உண்டு. தாழ்ந்த அதிர்வெண்களை அது தொடுவதேயில்லை. மைய அதிர்வெண்ணை 90 பாகையும், மிக உயர்ந்தவற்றைக் கிட்டத்தட்ட 180 பாகையும் தள்ளுகிறது. அந்த ஒலியைத் தனியாகக் கேட்டால் வித்தியாசம் தெரியாது. அதை மூல ஒலியோடு கலக்கும்போதுதான் மாயம் நிகழ்கிறது: எங்கெல்லாம் மொத்த விலகல் சரியாக அரை அலையாகவோ ஒன்றரை அலையாகவோ வருகிறதோ, அங்கே மேடும் பள்ளமும் ஒன்றையொன்று தின்று ஒலி காணாமல் போகிறது. நான்கு சுற்றுகளை வரிசையாகக் கோத்தால் இப்படி இரண்டு பள்ளங்கள் கிடைக்கும். மைய அதிர்வெண் 1000 ஹெர்ட்ஸ் என்றால் ஒன்று 414 ஹெர்ட்ஸிலும் மற்றது 2414 ஹெர்ட்ஸிலும் விழும். ஆஸிலேட்டர் அந்த மையத்தை மேலும் கீழும் நகர்த்த, இரண்டு பள்ளங்களும் ஜோடியாக ஒலிக்குள் நடைபோடுகின்றன. 1974-இல் வந்த எம்.எக்ஸ்.ஆர். ஃபேஸ் 90 நான்கு சுற்றுகள் கொண்டது. வேகத்துக்கான ஒரே ஒரு குமிழ்தான் அதில் இருந்தது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அது கிட்டார்காரர்களின் காலடியில் கிடப்பதைப் பார்த்தால் குமிழ்களின் எண்ணிக்கைக்கும் சுகத்துக்கும் தொடர்பில்லை என்று தோன்றுகிறது.

ஃபிளாஞ்சரிலும் பள்ளங்கள்தான், ஆனால் அவை வேறு வழியில் உண்டாகின்றன. ஒலியின் நகல் ஒன்றைச் சில மில்லிநொடிகள் தாமதித்து மூலத்தோடு சேர்க்கிறார்கள். தாமதம் 1 மில்லிநொடி என்றால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று சம இடைவெளியில் பள்ளங்கள் வரிசைகட்டும். அவற்றுக்கு நடுவே 1000, 2000, 3000 ஹெர்ட்ஸில் முகடுகள் நிற்கும். ஒரு சுரமும் அதன் மடங்குகளாக ஒலிக்கும் மேற்சுரங்களும் அமைவதும் இப்படித்தான் என்பதால், காது இந்த வரிசையைத் தனியொரு சுருதியாகவே எடுத்துக்கொள்கிறது. தாமதம் குறையக் குறைய அந்தச் சுருதி மேலேறும். பறந்துபோகும் ஜெட் விமானத்தின் சீறல் ஏறி இறங்குவதும் இதே இயற்பியல்தான்: நேராக வரும் ஒலியும் தரையில் பட்டுத் தாமதித்து வரும் ஒலியும் காதில் கலக்கின்றன.

ஸ்டுடியோக்களில் இதை முதலில் செய்தது டேப் இயந்திரங்களைக் கொண்டு. ஒரே பதிவை இரண்டு இயந்திரங்களில் ஓடவிட்டு, ஒன்றின் சுருள் விளிம்பை விரலால் லேசாக அழுத்துவார்கள். அது பின்தங்கும். பிறகு மற்றதை அழுத்தினால் முதலாவது எட்டிப்பிடித்து, முந்தியும் சென்றுவிடும். இரண்டும் ஒன்றையொன்று கடக்கும் அந்தக் கணத்தின் ஒலியைச் சாதாரண பெடலால் தர முடியாது. அதன் தாமதம் குறையலாமே தவிர பூச்சியமாகாது.

தாமதத்தைக் கையடக்கப் பெட்டிக்குள் கொண்டுவந்தது ஒரு சில்லு. 1969-இல் பிலிப்ஸ் ஆய்வகத்தில் சாங்ஸ்டரும் டீரும் கண்டுபிடித்தது அது. தீயணைக்க வரிசையில் நிற்பவர்கள் தண்ணீர் வாளியைக் கைமாற்றி விடுவதுபோல, ஒரு மின்தேக்கி தன் மின்னூட்டத்தை அடுத்ததற்குக் கொடுக்கும். கடிகாரத் துடிப்பு ஒவ்வொன்றுக்கும் சிக்னல் இரண்டு நிலைகள் நகரும். எம்.என்.3007 என்ற சில்லில் இப்படி 1024 நிலைகள். கடிகாரம் நொடிக்கு 1,00,000 முறை துடித்தால் தாமதம் 5.12 மில்லிநொடி, 50,000 முறை என்றால் 10.24. ஆஸிலேட்டர் இந்தக் கடிகாரத்தைத்தான் அசைக்கிறது. வழியில் கொஞ்சம் மின்னூட்டம் சிந்தும், இரைச்சல் சேரும். கடிகாரத்தின் கீச்சொலி கலக்காமலிருக்க இருபுறமும் வடிகட்டிகள் வைக்க வேண்டும். அவை உச்ச சுரங்களின் கூர்மையை மழுக்கிவிடும். பலரும் இதமான ஒலி என்று தேடி அலைவது பெரும்பாலும் இந்த இழப்பைத்தான். அதைக் குறை என்று சொல்ல எனக்கு மனமில்லை.

தாமதத்தை இன்னும் கூட்டி, பத்து இருபது மில்லிநொடிப் பக்கம் வைத்தால் கோரஸ். இங்கே காது கவனிப்பது பள்ளங்களைவிடச் சுருதி விலகலை. தாமதம் மாறிக்கொண்டிருக்கும்போது நகலின் சுருதியும் மாறும். சுழலும் கொம்பு செய்த அதே டாப்ளர் வேலை. நொடிக்கு ஒரு முறை, 1 மில்லிநொடி முன்னும் பின்னும் தாமதம் அசைவதாகக் கணக்கிடுங்கள். 440 ஹெர்ட்ஸ் சுரத்தின் நகல் ஏறத்தாழ 437-க்கும் 443-க்கும் இடையே ஊசலாடும். அரைச்சுரத்தில் பத்தில் ஒரு பங்கு விலகல். இரண்டு பேர் சேர்ந்து பாடும்போது குரல்கள் விலகுவதும் இந்த மாதிரி நூலிழையில்தான். மூல ஒலியை நீக்கிவிட்டு நகலை மட்டும் கேட்டால் அதுவே வைப்ரட்டோ.

இந்தக் கணக்கிலிருந்து கையாளும்போது உதவும் ஒரு விஷயம் கிடைக்கிறது. சுருதி விலகல், தாமதம் மாறும் வேகத்தைப் பொறுத்தது. ரேட்டை இரட்டித்தால், டெப்த்தைத் தொடாமலேயே விலகலும் இரட்டிப்பாகும். வேகத்தைக் கூட்டியதும் கோரஸ் அபசுரமாகத் தள்ளாடுவதற்குக் காரணம் இதுதான். கூடவே டெப்த்தைக் குறைத்தால் சரியாகிவிடும். முக்கோண அலை கொண்ட கோரஸில் தாமதம் ஒரே சீராக மாறுவதால், நகலின் சுருதி ஊசலாடாமல் மேலே ஓரிடம், கீழே ஓரிடம் என்று மாறி மாறி நிற்கும்.

ரோலண்ட் நிறுவனம் 1975-இல் கொண்டுவந்த ஜே.சி.-120 ஆம்ப்ளிஃபயரின் அமைப்பு எனக்கு இன்றும் வியப்புதான். அதில் இரண்டு ஒலிபெருக்கிகள். ஒன்றில் மூல ஒலி மட்டும், மற்றதில் அசையும் நகல் மட்டும். இரண்டும் மின்சுற்றில் கலப்பதே இல்லை, அறையின் காற்றில்தான் சந்திக்கின்றன. நீங்கள் நிற்கும் இடம் மாறினால் கோரஸும் மாறும். மறு ஆண்டு பாஸ் (Boss) நிறுவனத்தின் சி.இ.-1 அதே சுற்றைப் பெடலாகத் தந்தது.

கடைசியாக, பெடல்களை இணைக்கும் வரிசை. பள்ளம் விழ வேண்டுமானால் அங்கே ஒலி இருக்க வேண்டும். ஒலியைக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷன் மேற்சுரங்களை அள்ளிக் கொட்டுவதால், ஃபேஸரையும் ஃபிளாஞ்சரையும் அதற்குப் பின்னால் இணைத்தால் ஒவ்வொரு பள்ளமும் பளிச்சென்று தெரியும். முன்னால் இணைத்தால் பள்ளம் விழுந்த ஒலியிலிருந்தே டிஸ்டார்ஷன் புதிய மேற்சுரங்களை உண்டாக்கி அந்த இடங்களை ஓரளவு நிரப்பிவிடும். அசைவு ஒலிக்குள் கரைந்து, தந்தியே அப்படித்தான் ஒலிக்கிறது என்று தோன்றும். ராக் கிட்டார் கலைஞர் எட்டி வான் ஹேலன் ஃபேஸ் 90-ஐக் கதறும் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால்தான் வைத்திருந்தார். எனக்கும் அந்த வரிசையே பிடிக்கும்.